அரசு காப்பீட்டில் குழந்தைக்கு யூராலஜி ஆபரேஷன்: பெற்றோர் செய்ய வேண்டியவை

நான் குழந்தைகளுக்கான யூராலஜி டாக்டர். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, சிறுநீர் வரும் பாதை, ஆண் குழந்தைகளின் குறி, விதை ஆகியவற்றில் பிறக்கும்போதே இருக்கும் கோளாறுகளைச் சரிசெய்வது என் வேலை. என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் அரசு காப்பீட்டை நம்பி வருகிறவர்கள். நோயைப் பற்றி நன்றாக விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். காப்பீட்டைப் பற்றி மட்டும் கடைசியில், கிளம்பும் நேரத்தில், கதவருகே நின்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: "டாக்டர், இது கார்டுல வருமா?"

அதை முதலிலேயே கேளுங்கள். கூச்சமே வேண்டாம். குழந்தைகளின் யூராலஜி கோளாறுகள் பலவற்றுக்கு வயதுக் கெடு உண்டு. காப்பீடும் பதிவு, பரிந்துரைக் கடிதம், முன் அனுமதி, காத்திருப்புப் பட்டியல் என்று தன் பங்குக்கு மாதங்களை எடுத்துக்கொள்ளும். குழந்தையின் கெடுவையும் காப்பீட்டின் கெடுவையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து யோசிக்கும் வீட்டில்தான் உரிய வயதில் ஆபரேஷன் நடக்கிறது. எப்படிச் சேர்த்து யோசிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காப்பீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

பையனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி, கூடவே வாந்தி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அந்த முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறைகிறது. வளர்ந்த பையன்கள் வெட்கத்தில் "அடிவயிறு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள். வயிற்றுவலி என்று சொன்ன பையனைக் கீழேயும் ஒருமுறை பாருங்கள். பின்னுக்கு இழுத்த முன்தோல் திரும்பி வராமல் வீங்கிப் போனாலும் அவசரம்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சல், பிறந்து ஒரு நாள் முழுதும் ஆகியும் சிறுநீர் போகவில்லை, இவையும் அப்படியே.

இந்த நேரத்தில் எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். இரவில் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யக்கூடிய, பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அவசர சிகிச்சைக்குப் பெரும்பாலான திட்டங்களில் தனி வழி உண்டு. முதலில் சேர்த்துவிட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் தகவல் கொடுத்தால் போதும். அந்தத் தகவலை மருத்துவமனை கொடுக்கிறதா, நீங்கள் கொடுக்க வேண்டுமா என்று வீட்டிலிருந்து ஒருவர் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

மீதிக் கோளாறுகளுக்குத் திட்டமிட நேரம் இருக்கிறது.

"காப்பீடு எடுப்பீங்களா?" என்று கேட்டால் போதாது

தொலைபேசியில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லா இடத்திலும் "எடுப்போம்" என்றுதான் பதில் வரும். அது பொய்யாக இருக்காது, ஆனால் உங்களுக்கு உதவாது. டாக்டர் திட்டத்தில் இருப்பது ஒன்று, அவர் ஆபரேஷன் செய்யும் மருத்துவமனை இருப்பது வேறொன்று. மயக்க மருந்து கொடுப்பவர் இருக்கிறாரா என்பது மூன்றாவது. உங்கள் குழந்தைக்குத் தேவையான அந்தக் குறிப்பிட்ட ஆபரேஷன் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பது நான்காவது.

நாட்டுக்கு நாடு இது வேறுபடும். இந்தியாவில் 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அங்கீகாரம் மருத்துவமனைக்குத்தான், டாக்டருக்குத் தனியாக இல்லை. அதனால் ஒரே டாக்டர் ஒரு மருத்துவமனையில் கார்டில் ஆபரேஷன் செய்வார், இன்னொன்றில் செய்ய முடியாது. கனடாவின் கியூபெக்கில் டாக்டர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகையினர் அரசு காப்பீட்டுக்குள் இருப்பவர்கள். அட்டையைக் காட்டினால் போதும். இரண்டாம் வகையினரிடம் நீங்கள் பணம் கட்டிவிட்டு அரசிடம் திரும்பப் பெறலாம். மூன்றாம் வகையினர் முழுதாக வெளியே இருப்பவர்கள். அவர்களிடம் கட்டியது கட்டியதுதான், திரும்பி வராது. பிரான்சில் அரசுக் கட்டணத்தோடு நிற்பவர்கள் முதல் பிரிவு, அதற்கு மேலும் வாங்க அனுமதி உள்ளவர்கள் இரண்டாம் பிரிவு. அமெரிக்காவில், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு காப்பீடான மெடிகெய்டில் ஒவ்வொரு டாக்டரும் மாநிலத்திடம் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது: 21 வயதுக்கு உட்பட்ட மெடிகெய்டு பயனாளிக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையை, பெரியவர்களுக்கு அந்த மாநிலம் தராவிட்டாலும், தந்தே ஆக வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மேல்முறையீடு செய்யலாம்.

ஆகவே தொலைபேசியில் இப்படிக் கேளுங்கள்: "இந்த டாக்டர், இந்த மருத்துவமனையில், இந்த ஆபரேஷனை, இந்தத் திட்டத்தில் செய்கிறாரா? இப்போது பெயர் கொடுத்தால் எத்தனை மாதம் ஆகும்?" பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இனி கடைசி வரை கூடவே வரும்.

இன்னொன்று. திட்டத்தின் பட்டியலில் குழந்தைகள் யூராலஜி என்று தனித் தலைப்பு பல இடங்களில் இருக்காது. அமெரிக்காவிலேயே இந்தத் துறைக்கென்று தனிச் சான்றிதழ் 2008-இல்தான் வந்தது. பல நாடுகளில் குழந்தைகள் அறுவை சிகிச்சை படித்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். அதனால் "குழந்தைகள் அறுவை சிகிச்சை", "யூராலஜி" இரண்டு தலைப்பிலும் தேடுங்கள். தேடிக் கிடைத்தவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இந்த வயதுக் குழந்தைக்கு இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அடிக்கடி செய்யாதவராக இருந்தால் செய்பவரிடம் அனுப்பி வைப்பார்.

திட்டத்தில் இருக்கும் டாக்டர்களிடம் ஏன் இவ்வளவு நெரிசல் என்று கேட்கிறவர்களுக்கு என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்த் துளை குறியின் நுனியில் இல்லாமல் கீழே இருக்கும் கோளாறை ஹைப்போஸ்பேடியஸ் என்போம். அதைச் சரிசெய்ய ஒரு குழந்தைக்கு இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடி அளவே தடிமன் உள்ள நூலால் தையல் போடுகிறோம். கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் கூடவே இருக்க வேண்டும். திட்டங்கள் தரும் தொகையோ ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தது. எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்க்காது. அதுவும் கைக்கு வர மாதக்கணக்காகலாம். அதனால் சில இடங்களில் காப்பீட்டு ஆபரேஷன்களுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாட்களை மட்டும் ஒதுக்குகிறார்கள். நான் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறேன், இருப்பேன். பிறவிக் கோளாறு பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து வருவதில்லை. ஆனால் வரிசை இருக்கிறது என்பதும் உண்மை. வரிசை இருப்பதால்தான் சீக்கிரம் பெயர் கொடுங்கள் என்கிறேன்.

திட்டத்தில் வரும் ஆபரேஷனுக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது கேளுங்கள். கனடாவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்பீட்டில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் கூடுதலாக வசூலிக்க விடும் மாகாணத்துக்கு மத்திய அரசு தரும் நிதியில் பிடித்தம் உண்டு. மற்ற நாடுகளின் திட்டங்களிலும் புகார் எண் இருக்கும். அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

எந்தக் கோளாறுக்கு எவ்வளவு நேரம்

விதை இறங்காமல் இருப்பதில் தொடங்குகிறேன், ஏனென்றால் தாமதமாக வருவது இதில்தான் அதிகம். மாதம் நிறைந்து பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100-இல் சுமார் 3 பேருக்குப் பிறக்கும்போது ஒரு விதையாவது பைக்குள் இருக்காது. முதல் 6 மாதத்தில் பலருக்குத் தானாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது அபூர்வம். எனவே 6 மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த 6 மாதத்தைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். ஆறாவது மாதத் தடுப்பூசி சமயத்தில் விதை பையில் இல்லை என்றால் அந்த வாரமே பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். "அஞ்சு வயசுல பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விதை உடம்புச் சூட்டில் இருக்க இருக்க அதன் வளர்ச்சி குன்றும், பிற்காலத்தில் கட்டி வரும் வாய்ப்பும் கூடும்.

இதற்கு முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துக்கொண்டு வர வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. விதை எங்கே இருக்கிறது என்பதைக் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். கைக்குத் தட்டுப்படாத விதையை ஸ்கேனும் நம்பகமாகக் காட்டுவதில்லை. ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்து வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஹைப்போஸ்பேடியஸுக்கும் 6 முதல் 18 மாதம்தான் நல்ல வயது. அந்தக் குழந்தைகளுக்கு முன்தோலை வெட்டிவிடவே கூடாது. புதிய பாதை அமைக்க அந்தத் தோல் எனக்கு வேண்டும்.

கர்ப்ப ஸ்கேனிலேயே "குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது" என்று சொல்லப்பட்ட தாய்மார்கள் பயந்து போய் வருவார்கள். இவற்றில் பெரும்பாலானவை லேசானவை, தானாகவே சரியாகிவிடும். பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் ஊறும், வீக்கமும் குறைத்தே காட்டும். அதனால் அவசரமில்லாத குழந்தைக்கு 48 மணி நேரம் கழித்து ஸ்கேன் எடுப்பதே சரி. ஆனால் ஆண் குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் வீங்கி, சிறுநீர்ப்பையும் தடித்துப் பெரிதாக இருந்தால் அது வெளிப்பாதையில் அடைப்பாக இருக்கலாம். அப்போது காத்திருக்கக் கூடாது. அந்தத் தாய் பிரசவத்துக்கு முன்பே ஒரு குழந்தைகள் யூராலஜிஸ்டைப் பார்த்து, எந்த மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குக் காப்பீடு எப்படி என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்புவதை 1 முதல் 5 வரை தரம் பிரிப்போம். முதல் இரண்டு தரமும் பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும். விதைப்பையில் நீர் கோத்திருப்பதற்கு ஒன்று, இரண்டு வயது வரை பொறுக்கலாம். முன்தோல் பின்னுக்குப் போகவில்லை என்பது சின்னப் பையன்களுக்கு இயல்பு, பலவந்தமாக இழுக்காதீர்கள். சிகிச்சை வேண்டிய நிலையிலும் சில வாரம் தடவும் ஸ்டீராய்டு களிம்பிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. 5 வயதுக்குள் படுக்கையில் சிறுநீர் போவதை நோய் என்றே சொல்ல மாட்டோம்.

காகிதங்கள்

அனுமதி மறுக்கப்பட்டு திரும்பி வரும் கோப்புகளில் நோய் காரணமாகத் திரும்புபவை குறைவு. பெயரும் தேதியும் பொருந்தாமல் திரும்புபவைதான் நிறைய.

கைக்குழந்தை விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு நடக்கும் சிக்கல். பிறந்த மருத்துவமனையின் காகிதங்களில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. "இன்னாரின் ஆண் குழந்தை" என்று தாயின் பெயரில் இருக்கும். கர்ப்ப ஸ்கேனும் தாயின் பெயரில். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கும், எழுத்து சற்று மாறி. காப்பீட்டுப் பதிவில் குழந்தையே இருக்காது, பெற்றோர் மட்டும் இருப்பார்கள். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு இது ஒரே குழந்தைதான் என்று நம்புங்கள் என்றால் எங்கோ உட்கார்ந்து அனுமதி கொடுப்பவர் எப்படி நம்புவார்?

எனவே பெயர் வைத்த கையோடு பிறப்புச் சான்றிதழில் பெயரை ஏற்றுங்கள். அடுத்த வேலையாகக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்த்துவிடுங்கள். மூன்றாவதாக, பிறந்த மருத்துவமனையில் ஒரு வரிக் கடிதம் கேளுங்கள்: இன்ன தேதியில், இன்ன தாய்க்குப் பிறந்த, எங்கள் பதிவில் இன்ன எண்ணுள்ள குழந்தையின் பெயர் இப்போது இது என்று. எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தில் பெயர் வரட்டும். முதலெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தாலும் சில கணினிகள் ஏற்காது.

அடுத்து, இடதா வலதா. சிறுநீரகமும் விதையும் இரண்டிரண்டு. பரிந்துரைக் கடிதத்தில் இடது என்றும் ஸ்கேன் அறிக்கையில் வலது என்றும் இருந்தால் அனுமதி நிற்கும். நிற்கவும் வேண்டும், ஏனென்றால் அது குழந்தையின் பாதுகாப்பு. நீங்களே ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த ஒரு சொல்லைத் தேடிப் படித்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்த நாளே திருத்தி வாங்குங்கள். எழுதியவர்களுக்கு இரண்டு நிமிட வேலை.

சிறுநீரக அடைப்புக்கு ஆபரேஷன் என்றால் வெறும் ஸ்கேன் போதாது. எந்தச் சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, சிறுநீர் வடிகிறதா தேங்குகிறதா என்று காட்டும் ரீனோகிராம் பரிசோதனையையும் கேட்பார்கள். படம், அறிக்கை இரண்டையும் வாங்குங்கள். அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு படத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

புகைப்படம் பற்றிப் பெற்றோர் கேட்கத் தயங்குவார்கள், நானே சொல்கிறேன். ஹைப்போஸ்பேடியஸ் போன்றவற்றுக்குச் சில திட்டங்கள் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் படம் கேட்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது. எடுத்தால் மருத்துவமனையின் கருவியில் எடுக்கட்டும். குழந்தையின் முகம் அதில் வரக் கூடாது. திட்டத்தின் இணையதளத்தில் மருத்துவமனைதான் ஏற்ற வேண்டும். யாருடைய சொந்த வாட்ஸ்அப்பிலும் அது போகக் கூடாது. "நீங்களே போனில் எடுத்து அனுப்புங்கள்" என்று சொன்னால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

காகிதங்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் வையுங்கள், பழையது அடியில், புதியது மேலே. அசலை எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அனுமதி வந்த பிறகு

அனுமதிக் கடிதத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: எந்த ஆபரேஷனுக்கு, எந்தத் தேதி வரை. குழந்தைகளுக்கு ஆபரேஷன் தேதியன்று சளி பிடிப்பது சர்வ சாதாரணம். காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, சில வாரம் தள்ளி வைப்போம். அதற்குள் அனுமதி காலாவதியாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். ஆபரேஷன் தள்ளிப்போன அன்றே காப்பீட்டு மேசைக்குப் போய் நீட்டிப்பு கேளுங்கள். தள்ளி வைத்ததற்கான காரணத்தை டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். சளியை மறைத்துக் குழந்தையைக் கொண்டுவருவது மட்டும் வேண்டாம். அனுமதியைத் திரும்ப வாங்கலாம்.

வெறும் வயிறு விஷயத்தில் ஏற்படும் குழப்பத்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போகிறது. பொதுவான கணக்கு இது: தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், பால்பவுடரோ மாட்டுப்பாலோ 6 மணி நேரம். மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். முந்தின இரவிலிருந்து கைக்குழந்தையைப் பட்டினி போடத் தேவையில்லை. அப்படிச் செய்தால் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் செலவுகள்

பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சிறுநீரக அடைப்பு ஆபரேஷனில் பல சமயம் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்துவிட்டு, 4 முதல் 6 வாரம் கழித்து எடுப்போம். பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போதே எடுத்துவிடலாம். குழந்தைக்கு மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டும். அதாவது இன்னொரு நாள் மருத்துவமனையில் சேர வேண்டும். ஆயுஷ்மான் பாரத் வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான செலவைத்தான் முதல் தொகையில் சேர்க்கிறது. ஸ்டென்ட் எடுக்கும் நாள் அதைத் தாண்டிவிடும். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: "ஸ்டென்ட் எடுப்பதற்குத் தனி அனுமதியா, இதிலேயே சேர்த்தியா?" தனி அனுமதி என்றால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே விண்ணப்பம் போட்டுவிட்டு வாருங்கள்.

ஸ்டென்ட் இருக்கிறது என்பதை மறக்கவே கூடாது. குழந்தை ஓடியாடி விளையாடும், வலி இருக்காது, வீட்டில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன்மேல் கல் படிந்து, எடுப்பதே ஒரு பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். எடுக்க வேண்டிய தேதியைக் கோப்பின் மேல் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். செலவுக்கு வழியில்லை என்று நாள் தள்ளாதீர்கள். என்னைப் போன்ற எந்த டாக்டரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லலாம், ஏதாவது வழி செய்வோம்.

முதுகுத்தண்டில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் குழந்தைகளில் பலருக்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். 1972-இல் அமெரிக்க யூராலஜிஸ்ட் ஜாக் லேப்பிடஸ் குழு, இதற்கு ஆபரேஷன் தியேட்டர் அளவு கிருமியின்மை தேவையில்லை, சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும் என்று காட்டினார்கள். அதன் பிறகு எத்தனையோ குழந்தைகளின் சிறுநீரகம் பிழைத்தது. ஆனால் திட்டம் பெரிய ஆபரேஷனுக்குப் பணம் தரும், தினமும் நாலைந்து முறை தேவைப்படும் குழாய்க்குத் தருமா என்பது வேறு கேள்வி. மருத்துவமனையில் சேர்த்துச் செய்வதற்கு மட்டும் பணம் தரும் திட்டங்களில் வராது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித் திட்டம், பிறந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர், அரசு மருத்துவமனை மருந்தகம் என்று மூன்று இடத்திலும் கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் "ஒரு நாளைக்கு இத்தனை, இந்த அளவு, இது இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும்" என்று எழுதிய கடிதம் வாங்குங்கள். அந்தக் கடைசி வாக்கியம் கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

படுக்கையில் சிறுநீர் போகும் பிரச்சினை, அடிக்கடி போவது, சிந்துவது போன்றவை வெளிநோயாளி சிகிச்சை என்பதால் பல திட்டங்களில் வராது. ஆனால் இவற்றில் பாதி வைத்தியம் காசில்லாதது. இரண்டு நாள் குழந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எவ்வளவு போனது என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அந்தத் தாளைப் பார்த்தே பல பரிசோதனைகளை வேண்டாம் என்று சொல்லிவிட முடியும்.

மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு. பெயர் பொருந்தவில்லை, அறிக்கை இல்லை என்பவை திருத்தினால் தீரும். "இது அழகுக்கான ஆபரேஷன்" என்று வந்தால் அது டாக்டர் பதில் சொல்ல வேண்டியது. ஹைப்போஸ்பேடியஸ் அழகுக்கானது இல்லை: சிறுநீர் நேராகப் போகாது, வளர்ந்த பின் குறி வளைந்து தாம்பத்தியம் பாதிக்கும். முன்தோல் நீக்குவதும் சில குழந்தைகளுக்கு வைத்தியம்தான்: தோல் தழும்பாகி இறுகியவர்கள், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர்கள். நோயின் பெயரை மட்டும் எழுதாமல், செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்த வயதுக்குள் செய்ய வேண்டும், ஏன் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். நான் இப்படிப்பட்ட கடிதங்களை வெளிநோயாளி நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுவேன். அதுவும் என் வைத்தியத்தில் ஒரு பகுதி. "அவர் பிஸியா இருப்பார்" என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு கேட்காமல் போகாதீர்கள்.

மேல்முறையீட்டுக்கும் கெடு உண்டு. மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பதினெட்டு வயதை நெருங்கும்போது

குழந்தையாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்கு வாழ்நாள் முழுக்கக் கவனிப்பு வேண்டும்: ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், வெளிப்பாதை அடைப்போடு பிறந்தவர்கள், குடலை வைத்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கியவர்கள். 18 வயதில் குழந்தைகள் மருத்துவமனையின் கதவு மூடும். சில நாடுகளில் காப்பீட்டின் வகையும் அப்போது மாறும், மாறாவிட்டால் நின்றுவிடும். 16 வயதிலேயே பெரியவர்களுக்கான ஒரு யூராலஜிஸ்டைத் தேடத் தொடங்குங்கள். அவரும் திட்டத்தில் இருக்கிறாரா என்று மேலே சொன்ன அதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலை, வெறும் டிஸ்சார்ஜ் சம்மரியை இல்லை, எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் குழாயை எங்கே இணைத்தோம் என்பது அதில்தான் இருக்கும். பழைய பதிவுகளைப் பல மருத்துவமனைகள் சில ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடும். கோப்பைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு தாளும் என்ன என்று ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அடுத்த டாக்டரிடம் அவர்கள் தனியாகத்தான் போவார்கள்.